படுக்கையில் கிடந்தவர் பறக்கும் கதை எழுதினார்!

மேஜை மீது ஒரு மனிதத் தலை. உடல் இல்லை. ஆனால் தலைக்கு உயிர் இருக்கிறது! அது பார்க்கிறது, யோசிக்கிறது. ஓர் ஈயை விரட்டக்கூட அதற்குக் கை இல்லை.

1925-ல் வெளிவந்த இந்த விஞ்ஞானக் கதையின் பெயர் "பேராசிரியர் டோவலின் தலை". எழுதியவர் ரஷ்யாவைச் சேர்ந்த அலெக்சாண்டர் பெல்யாயெவ். அந்தத் தலை பட்ட வேதனை வெறும் கற்பனை அல்ல. அவரே அனுபவித்தது!

கூரையில் இருந்து குதித்தார்

பெல்யாயெவ் 1884-ம் ஆண்டு ஸ்மோலென்ஸ்க் நகரில் பிறந்தார். தந்தை ஒரு பாதிரியார். சிறு வயதிலேயே பெல்யாயெவுக்குப் பறக்க ஆசை. ஒரு நாள் கூரை மேல் ஏறிக் குதித்தார். முதுகில் அடிபட்டதுதான் மிச்சம்!

பெரியவர் ஆனதும் சட்டம் படித்து வக்கீல் ஆனார்.

6 ஆண்டு படுக்கை

30 வயதைத் தாண்டியதும் காசநோய் அவருடைய முதுகெலும்பைத் தாக்கியது. கால்கள் செயல் இழந்தன. மனைவி பிரிந்து போனார். ஆனால் பெற்ற தாய் கைவிடவில்லை. கடற்கரை ஊரான யால்டாவுக்கு அழைத்துச் சென்று, குழந்தையைப் போல் கவனித்தார். 6 ஆண்டுகள் படுக்கை! அதில் 3 ஆண்டுகள் மாவுக்கட்டு! இதற்கிடையே, 1919-ல் தாயும் இறந்துவிட்டார்.

உடல் முடங்கியது. மனம் முடங்கவில்லை. படுத்தபடியே பிற மொழிகளைக் கற்றார். மருத்துவ நூல்களையும், விஞ்ஞான நூல்களையும் படித்தார். 1922-ல் எழுந்து நடந்தார். மறுமணமும் செய்து கொண்டார். மாஸ்கோவுக்குச் சென்று எழுதத் தொடங்கினார்.

மீன் மனிதன்

1928-ல் "நீரிலும் நிலத்திலும் வாழும் மனிதன்" என்ற நாவல் வந்தது. நோயால் சாகப்போகும் சிறுவனுக்கு, ஒரு டாக்டர் சுறாமீனின் செவுளைப் பொருத்துகிறார். அவன் பிழைத்துக் கடலில் மீன்போல் நீந்துகிறான். இந்தக் கதை 1962-ல் சினிமாவாக வந்தது. ரஷ்யாவில் கோடிக்கணக்கானோர் பார்த்தார்கள்.

சென்னையில் நடக்கும் கதை

1941-ல் "ஏரியல்" என்ற நாவல் வெளிவந்தது. அதன் தொடக்கம் எங்கே நடக்கிறது தெரியுமா? நம் சென்னைக்கு அருகே உள்ள ஒரு பள்ளிக்கூடத்தில்! இறக்கையோ எந்திரமோ இல்லாமல், அங்கே ஓர் இளைஞன் வானில் பறக்கிறான். கூரையில் இருந்து குதித்த சிறுவனின் ஆசை, கதையிலாவது நிறைவேறியது.

அதே ஆண்டு ஜெர்மன் படை ரஷ்யாவுக்குள் புகுந்தது. பெல்யாயெவ் அப்போது லெனின்கிராடு அருகே புஷ்கின் நகரில் இருந்தார். ஆபரேஷன் செய்துகொண்ட உடம்பு. ஆகவே ஊரைவிட்டுப் போக முடியவில்லை. நகரம் ஜெர்மானியர் வசமாயிற்று. உணவு கிடைக்கவில்லை. 1942 ஜனவரியில், பசியும் குளிரும் அவர் உயிரைக் குடித்தன. அப்போது அவருக்கு வயது 57.

நோய் அவரைக் கட்டிலோடு கட்டிப்போட்டது. போர் அவரைக் கொன்றது. ஆனால் அவர் படைத்த மனிதர்கள் கடலில் நீந்துகிறார்கள், வானில் பறக்கிறார்கள்!