முதலுதவியின் ஆசான் எஸ்மார்க்

அடிபட்டுக் கிடப்பவரைக் கண்டால் மனம் இளகாதவர் யார்? இரக்கம் என்பது இறைவன் மாந்தர் அனைவருக்கும் அளித்துள்ள அரும் பண்பு. ஆனால் இரக்கம் மட்டும் இருந்தால் ஓடும் குருதி நின்றுவிடுமா? நின்ற மூச்சுத்தான் திரும்பிவிடுமா? மனம் இளகுவதோடு கையும் பழகியிருக்க வேண்டும். இந்த உண்மையைப் போர்க்களத்தில் கற்று, பின்னர் அதைப் பொதுமக்களுக்கெல்லாம் கற்பித்த பெருந்தகை, ஜெர்மானிய அறுவை மருத்துவப் பேராசிரியர் பிரீட்ரிக் எஸ்மார்க் ஆவார். அவர்தம் வாழ்வைச் சிறிது அறிந்துகொள்வோம்.

எஸ்மார்க் 1823ஆம் ஆண்டு ஜனவரி 9ஆம் நாள் ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் பகுதியிலுள்ள டோனிங் என்னும் சிற்றூரில் பிறந்தார். அப்பகுதி அந்நாளில் டென்மார்க் மன்னரின் ஆட்சியில் இருந்தது. கீல், கோட்டிங்கன் ஆகிய நகரங்களில் மருத்துவம் பயின்ற அவர், 1846இல் கீல் நகர அறுவை மருத்துவமனையில் புகழ்பெற்ற லாங்கன்பெக்கிடம் உதவியாளராகச் சேர்ந்தார்.

இரண்டே ஆண்டுகளில் போர் மூண்டது. 1848இல் ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் மக்கள் டென்மார்க்கை எதிர்த்து எழுந்தனர். இருபத்தைந்து வயதான எஸ்மார்க் இளநிலை மருத்துவராகப் படையுடன் சென்றார். அங்கே பகைவரிடம் சிறைப்பட்டார். கைதிகள் பரிமாற்றத்தில் விடுதலை பெற்றதும் வீட்டுக்குச் சென்று ஓய்வெடுக்க எண்ணினாரா? இல்லை! மீண்டும் படை மருத்துவமனைக்கே பணியாற்றச் சென்றார்.

அந்தப் போர்க்களமே அவருக்கு முதற்பள்ளியாயிற்று. குண்டடி பட்ட வீரர் எல்லாரும் காயத்தின் கொடுமையால் மட்டும் இறப்பதில்லை. மருத்துவர் வந்து சேருமுன் குருதி முழுவதும் வடிந்து இறப்பவர் உண்டு. அழுக்குக் கைகளும் அழுக்குத் துணியும் பட்டுப் புண் சீழ்பிடித்து இறப்பவர் உண்டு. முறிந்த காலை அணைகட்டாமல் தூக்கியதால் மேலும் கேடுற்றவர் உண்டு. காயம் பட்ட நேரத்திற்கும் மருத்துவர் வரும் நேரத்திற்கும் இடையேயுள்ள சில நிமிடங்களே உயிரின் விலை என்பதை அவர் உணர்ந்தார்.

1857இல் எஸ்மார்க் கீல் பல்கலைக்கழகத்தின் பேராசிரியரானார். 1864, 1866, 1870 ஆகிய ஆண்டுகளில் நடந்த போர்களிலும் மருத்துவத் தொண்டாற்றினார். பிரான்சுடன் நடந்த 1870ஆம் ஆண்டுப் போரில் படையின் தலைமை அறுவை மருத்துவர்களுள் ஒருவராக நியமிக்கப்பட்டார்.

இன்று முதலுதவி வகுப்பிற்குச் செல்லும் எந்த மாணவியும் முதலில் கையில் எடுப்பது முக்கோணக் கட்டுத்துணியே. அத்துணியைச் சுவிட்சர்லாந்து நாட்டு மருத்துவர் மாயோர் என்பவர் முன்னரே பயன்படுத்தியிருந்தார். எஸ்மார்க் செய்த புதுமை என்ன தெரியுமா? அத்துணியின் மேலேயே படங்களை அச்சிடச் செய்தார்! தலையில் எப்படிக் கட்டுவது, கையை எப்படித் தொங்கலிடுவது, முழங்காலில் எப்படிச் சுற்றுவது என்பதையெல்லாம் அப்படங்கள் காட்டின. எழுதப் படிக்கத் தெரியாத வீரனும் துணியை விரித்தால் போதும். அதுவே அவனுக்கு ஆசிரியர்!

1873இல் அவர் வெளியிட்ட மற்றொரு முறை அறுவை மருத்துவத்தில் ஒரு திருப்பமாயிற்று. ரப்பர்ப் பட்டையைக் கை அல்லது காலின் நுனியிலிருந்து மேல்நோக்கி இறுகச் சுற்றினால், அங்குள்ள குருதி உடலுக்குள் தள்ளப்படும். பின்பு மேற்புறத்தில் ஓர் இறுக்குக் கட்டுப் போட்டுவிட்டால் குருதியிழப்பு மிகுதியின்றி அறுவை செய்யலாம். எலும்பு மருத்துவர்கள் இன்றும் பயன்படுத்தும் அந்தப் பட்டை அவர் பெயராலேயே வழங்குகிறது.

இத்துடன் நின்றிருந்தாலும் மருத்துவ நூல்களில் அவர் பெயர் நிலைத்திருக்கும். ஆனால் அவருடைய உள்ளம் வேறொன்றை நாடியது. காயம் போர்க்களத்தில் மட்டுமா ஏற்படுகிறது? தொழிற்சாலையிலும் இருப்புப்பாதையிலும் துறைமுகத்திலும் அடுக்களையிலும் விபத்து நேர்கிறதே! அங்கெல்லாம் மருத்துவர் உடன் இருப்பாரா?

1881ஆம் ஆண்டு லண்டன் மாநகரில் உலக மருத்துவர் மாநாடு ஒன்று கூடியது. அதற்குச் சென்ற எஸ்மார்க், அங்கே செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ் சங்கத்தின் பணியைக் கண்டார். 1877இல் தொடங்கப்பட்ட அச்சங்கம், மருத்துவம் படிக்காத எளிய மக்களுக்கு முதலுதவி கற்பித்து, தேர்வு வைத்து, தேறியவர்களுக்குச் சான்றிதழும் அளித்து வந்தது. தாம் தேடிய வழி கிடைத்ததென்று மகிழ்ந்த எஸ்மார்க் ஊர் திரும்பியதும், 1882இல் கீல் நகரில் பொதுமக்களுக்கான முதலுதவிப் பள்ளியைத் தொடங்கினார்.

அப்பள்ளிக்கு அவர் இட்ட பெயர் நம் உள்ளத்தைத் தொடுவது. அதுவே சமாரியர் பள்ளி! லூக்கா நற்செய்தியின் பத்தாம் அதிகாரத்தில் நம் ஆண்டவர் கூறிய உவமையை நாம் சிறு வயது முதலே கேட்டிருக்கிறோம். வழியில் குற்றுயிராய்க் கிடந்தவனைக் குருவும் லேவியரும் கண்டு விலகிச் சென்றனர். அயல் இனத்தவராகிய சமாரியரோ அருகில் வந்தார். காயங்களில் எண்ணெயும் திராட்சை இரசமும் வார்த்துக் கட்டினார், தம் விலங்கின் மீது ஏற்றினார், சாவடியில் ஒப்படைத்தார். சற்றே எண்ணிப் பார்த்தால் முதலுதவியின் பாடம் முழுவதும் இதில் அடங்கியிருக்கிறது. காயத்தைக் கவனித்தல், பாதுகாப்பாகக் கொண்டுசெல்லுதல், உரியவரிடம் ஒப்படைத்தல் என்பவையே அவை.

நல்ல பணி எதற்கும் தடை வருவது இயல்புதானே? மருத்துவர்களுள் சிலர் இதை விரும்பவில்லை. அரைகுறையாகக் கற்றவர்கள் தாங்களும் மருத்துவர் என எண்ணிக்கொண்டு நோயாளிகளுக்குக் கேடு செய்வார்கள் என்று அஞ்சினர். அந்த அச்சத்தை நாம் எளிதில் ஒதுக்கிவிட முடியாது. தவறான உதவி உயிரையே பறித்துவிடும் அல்லவா?

எஸ்மார்க் அந்த அச்சத்திற்கும் தம் பாடத்திலேயே விடை வைத்திருந்தார். தீங்கு செய்யாதிருப்பதே அவர் கற்பித்த முதல் விதி. மருத்துவர் வரும்வரை உயிரைக் காத்து நிற்பது மட்டுமே முதலுதவியாளரின் கடமை. அதற்கு மேல் ஓர் அடியும் வைக்கலாகாது. கல்லாதவனுக்குத் தன் எல்லை தெரியாது. முறையாகக் கற்றவனுக்கோ எதைச் செய்ய வேண்டும் என்பதோடு எதைச் செய்யக்கூடாது என்பதும் தெரியும்.

இந்த விடை இன்றும் நமக்குத் தேவைப்படுகிறது. நம் ஊர்களில் வலிப்பு வந்தவர் கையில் இரும்புச் சாவியைத் திணிக்கிறோம். தீப்புண்ணில் பற்பசையையும் மையையும் தடவுகிறோம். மயங்கிக் கிடப்பவர் வாயில் தண்ணீர் ஊற்றுகிறோம். பாம்பு கடித்த காலைக் கயிற்றால் இறுகக் கட்டுகிறோம். இவையெல்லாம் அன்பினால் செய்பவைதாம். ஆயினும் இவற்றால் நன்மை விளைவதில்லை, சில வேளைகளில் பெருந்தீங்கே விளைகிறது. அன்பு குறைவில்லை, கல்விதான் குறைவு!

எஸ்மார்க்கின் சொற்பொழிவுகள் நூலாக வெளிவந்தன. அவர் 1872இல் மணந்த இளவரசி ஹென்ரியட்டாவின் அண்ணியார், விக்டோரியா அரசியாரின் மகளான இளவரசி ஹெலனா ஆவார். அவரே அந்நூலை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். அரண்மனையில் வாழ்ந்த ஒரு பெண்மணி, காயத்திற்குக் கட்டுப் போடும் கலையைப் பரப்புவதைத் தாழ்வாகக் கருதவில்லை. 1887இல் எஸ்மார்க்கிற்குப் பிரபு பட்டம் வழங்கப்பட்டது. நீண்ட நாள் தொண்டாற்றிய அப்பெரியார் 1908ஆம் ஆண்டு பிப்ரவரி 23ஆம் நாள் கீல் நகரில், தம் எண்பத்தைந்தாம் வயதில் இயற்கை எய்தினார்.

அவருக்குப் பின் முதலுதவிக் கலை வளர்ந்துகொண்டே வந்திருக்கிறது. அவர் காலத்தில் நீரில் மூழ்கியவரின் கைகளைத் தலைக்கு மேல் தூக்கி, பின் மார்போடு சேர்த்து அழுத்தி மூச்சு வரச் செய்ய முயன்றனர். 1960இல் அமெரிக்காவின் பால்டிமோர் நகர மருத்துவ அறிஞர்கள், நெஞ்சின் நடுவே கைகளால் அழுத்தி, நின்ற இதயத்திற்கு உதவும் முறையை வெளியிட்டனர். இன்று அதுவே சி.பி.ஆர். என்று கற்பிக்கப்படுகிறது. பெரியவர்களுக்கு நிமிடத்திற்கு 100 முதல் 120 முறை, ஏறக்குறைய 5 சென்டிமீட்டர் ஆழத்திற்கு அழுத்த வேண்டும். இதைப் படித்தால் மட்டும் போதாது. பயிற்சிப் பொம்மையின் மேல் கை வலிக்க அழுத்திப் பழகினால்தான் வரும். நம் நாட்டில் செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ் அமைப்பும் செஞ்சிலுவைச் சங்கமும் இப்பயிற்சியை அளித்துச் சான்றிதழும் வழங்குகின்றன.

சாலையில் அடிபட்டவரைத் தொட்டால் வழக்கு வந்துவிடுமோ என்று பெரியவர்களும் தயங்குவதுண்டு. அத்தயக்கத்தைப் போக்கவே 2019ஆம் ஆண்டு மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம், கைம்மாறு கருதாமல் நல்லெண்ணத்துடன் உதவுபவருக்குப் பாதுகாப்பு அளித்தது. அச்சட்டம் அவரை நல்ல சமாரியர் என்னும் பெயராலேயே குறிப்பிடுகிறது. எஸ்மார்க் தம் பள்ளிக்குத் தேர்ந்த பெயர் நம் நாட்டுச் சட்டத்திலும் இடம்பெற்றிருப்பது எத்தகைய பொருத்தம்!

அன்புத் தோழியரே! சான்றிதழைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டுவதற்காக நாம் முதலுதவி கற்க வேண்டியதில்லை. நம் வீட்டில் பாட்டி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாயும்போது, தெருவில் ஒரு குழந்தை விழுந்து கிடக்கும்போது, கைகளைப் பிசைந்துகொண்டு நிற்காமல் இருப்பதற்காகவே கற்க வேண்டும். பெற்றோர்களும் நம்மோடு அமர்ந்து கற்றால் இன்னும் நன்று. 108ஐ அழைத்துவிட்டு அந்த வண்டி வருமுன் கழியும் நிமிடங்கள் நம் கையில் இருக்கின்றன. அந்தக் கைகளைப் பழக்கி வைப்போம். நாமும் நல்ல சமாரியராய்த் திகழ்வோம்!