பாவச் சுமை இறங்கிய பயணம்: கிறித்தவக் கம்பர் எச். ஏ. கிருஷ்ணபிள்ளை

திருமுருகன்பூண்டிக்குத் தலபுராணம் கூறும் பெருமைகள் பல. சூரபதுமனை வதைத்ததனால் தம்மைத் தொடர்ந்த பிரமகத்தி தோடம் நீங்க, முருகப்பெருமான் இங்கே சிவலிங்கம் நிறுவி வழிபட்டார் என்பது அவற்றுள் தலையாயது. சேரமான் பெருமாள் அளித்த பொருளோடு திரும்பிய சுந்தரரை வேடுவர் வடிவில் வந்த பூதகணங்கள் வழிமறித்துக் கொள்ளையிட்டதும், அவர் பதிகம் பாடி அப்பொருளை மீளப் பெற்றதும் இம்மண்ணுக்குரிய வரலாறே. தெய்வமே ஆயினும் பழி தீர ஓர் இடம் தேட வேண்டும் என்று எண்ணிய மண் இது.

பாவம் எவ்வாறு நீங்கும் என்னும் வினா ஒரு சமயத்திற்கு மட்டும் உரியதன்று. தமிழ்க் கவிஞர்கள் பலரை உறங்கவிடாத வினா அது. அதனைத் தம் வாழ்வின் வினாவாகவே ஏற்று, கிறித்து பெருமானிடம் விடை கண்டு, அவ்விடையைப் பெருங்காப்பியமாகத் தமிழுக்குத் தந்தவர் எச். ஏ. கிருஷ்ணபிள்ளை. சுந்தரர் பறிபோன பொருள் மீளப் பாடினார். கிருஷ்ணபிள்ளையோ இறக்கிவைக்க இயலாத சுமை இறங்கிய நன்றியைப் பாடினார்.

கம்பன் ஒலித்த இல்லம்

நெல்லைச் சீமையில் கரையிருப்பு என்னும் சிற்றூரில் 1827 ஆம் ஆண்டு ஏப்ரல் 23 ஆம் நாள் அவர் பிறந்தார். தந்தையார் சங்கரநாராயண பிள்ளை. தாயார் தெய்வநாயகி அம்மை. வைணவ நெறியில் ஊன்றிய வேளாளர் குடும்பம் அது. தந்தையார் கம்பராமாயணத்தில் தோய்ந்தவர். இராமகாதையும் ஆழ்வார்களின் அருளிச்செயலும் இளமையிலேயே மைந்தரின் செவியில் நிறைந்தன. கற்ற விருத்தங்களின் ஓசை பிற்காலத்தில் எந்தச் சமயம் மாறியபோதும் அவரை விட்டு நீங்கவில்லை.

ஆழ்வார்களிடம் அவர் கற்றது ஓசை மட்டுமன்று. தன்னைத் தாழ்த்திக்கொண்டு இறைவன் திருமுன் நிற்கும் முறையையும் கற்றார். நைச்சியானுசந்தானம் என்று வைணவர் போற்றும் நெறி அது. தான் நீசன், தகுதியற்றவன், கைம்முதல் இல்லாதவன் என்று வாய்விட்டு உரைத்து அருளையே பற்றுதல் அதன் உட்பொருள். பிற்காலத்தில் அவர் பாடிய கிறித்தவப் பாவ அறிக்கைக்கு இம்மொழிப் பயிற்சியே நாற்றங்கால் ஆயிற்று.

சாயர்புரத்துப் போராட்டம்

1853 இல் சாயர்புரத்தில் இருந்த ஆங்கிலத் திருச்சபைக் கல்லூரியில் தமிழாசிரியர் பொறுப்பை ஏற்றார். போப் ஐயர் வளர்த்த கல்விநிலையம் அது. இடையன்குடியில் கால்டுவெல் ஐயர் சமயப் பணியோடு மொழியாராய்ச்சியும் செய்துகொண்டிருந்த காலமும் அதுவே. திருநாமம் தரித்த வைணவப் புலவர், கிறித்தவ மாணவர்க்குத் தமிழ் இலக்கணம் கற்பித்தார். கற்பிக்கச் சென்ற இடத்தில் தாமும் கற்க நேர்ந்தது.

அவர் மனமாற்றம் ஒரே நாளில் நிகழ்ந்ததன்று. விவிலியத்தையும் சமய நூல்களையும் ஆய்ந்தார், வாதிட்டார், தயங்கினார். நெருங்கிய சுற்றத்திலிருந்து உடன்பிறந்தவரான முத்தையா பிள்ளையும் கிறித்தவ நெறியைத் தழுவினார். ஐயங்கள் தீர்ந்த பின்னும் அடி எடுத்துவைப்பது எளிதாக இல்லை. குடியும் சுற்றமும் என்ன ஆகும் என்பதே அந்நாளில் சமயம் மாறுவோர் முன் நின்ற பெரும் தடை. உண்மை என்று உள்ளம் கண்டதை ஊரறிய ஒப்புக்கொள்வதற்கு ஒரு விலை இருந்தது. அவ்விலையைக் கொடுக்க அவர் துணிந்தார்.

1858 இல், முப்பது வயதில், சென்னை மயிலாப்பூரில் திருமுழுக்குப் பெற்றார். ஹென்றி ஆல்பிரட் என்பது அன்று பெற்ற பெயர். அது எச். ஏ. என்னும் ஈரெழுத்தாகச் சுருங்கி முன்னே நின்றது. கண்ணனின் பெயரும் பிள்ளை என்னும் குலப் பட்டமும் இறுதிவரை உடன் வந்தன. பாவச் சுமை இறங்கியது. குலப் பெயர் இறங்கவில்லை. அக்காலத்து மதமாற்றம் எங்கே உடைத்தது, எங்கே உடைக்காமல் விட்டது என்பதை அப்பெயரே காட்டி நிற்கிறது.

சென்னையில் பெர்சிவல் பாதிரியார் நடத்திய தினவர்த்தமானி இதழில் துணையாசிரியராக அவர் பணியாற்றினார். யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலரின் துணையோடு விவிலியத்தைத் தமிழாக்கியவர் இதே பெர்சிவல். விவிலியத்தை வரிவரியாகக் கற்ற நாவலர் சைவத்தில் மேலும் உறுதி பெற்றார். கிருஷ்ணபிள்ளை கிறித்துவைப் பற்றினார். நூல் ஒன்றாயினும் உள்ளங்கள் சென்ற வழி வேறு. இருவர் நேர்மையும் தமிழுக்கு ஆக்கமே தந்தது.

காப்பியமான அறிக்கை

பின்னர் பாளையங்கோட்டையிலும் திருவனந்தபுரம் மகாராசா கல்லூரியிலும் தமிழ் கற்பித்தார். இலக்கண சூடாமணி, போற்றித் திருவகவல், இரட்சணிய மனோகரம், இரட்சணிய சமய நிர்ணயம் முதலியவை அவர் நூல்கள். அனைத்திற்கும் முடியாக விளங்குவது இரட்சணிய யாத்திரிகம். நற்போதகம் என்னும் இதழில் பல்லாண்டுகள் தொடராக வெளிவந்த அது 1894 இல் நூலுருப் பெற்றது. ஐந்து பருவங்களும் மூவாயிரத்து எழுநூற்றுக்கும் மேற்பட்ட பாடல்களும் கொண்டது.

அதற்கு முதனூல், ஆங்கில நாட்டு ஜான் பனியன் 1678 இல் வெளியிட்ட உரைநடை உருவகம். பாத்திரம் பழுதுபார்க்கும் தொழிலாளியான பனியன், உரிமம் இன்றிச் சமயவுரை ஆற்றியதற்காகப் பன்னிரண்டு ஆண்டுகள் சிறையில் இருந்தவர். முதுகில் பெருஞ்சுமையோடு அழிவின் நகரை விட்டு ஓடும் மனிதன், சிலுவையைக் காண்கிறான். கண்ட அளவில் சுமை தானே நழுவி உருண்டு கல்லறைக்குள் மறைகிறது. அவன் அவிழ்த்தெறிந்ததன்று, அருளால் நீங்கியது.

பனியன் இக்காட்சியைச் சில வரிகளில் கூறி மேற்செல்கிறார். கிருஷ்ணபிள்ளையால் அவ்வாறு கடந்துபோக இயலவில்லை. சுமை ஏன் இறங்கியது என்பதைத் தமிழர் உணர வேண்டுமானால், சிலுவையில் தொங்கியவர் யார் என்பதைச் சொல்லியாக வேண்டும். ஆகவே குமார பருவத்தில் கிறித்துவின் பாடுகளை விரித்துப் பாடினார். குற்றமற்றவர் நிந்தைகளின் நடுவே வாய் திறவாமல் நிற்கும் காட்சி, கம்பனின் அவலச் சுவையில் தோய்ந்தவர்க்கே எழுதக் கூடியது. இடையிடையே அமைந்த இரட்சணிய தேவாரப் பாடல்கள் கதையை நிறுத்தி, பாவியின் குரலை நேரே இறைவன் திருமுன் கொண்டுசெல்கின்றன.

ஆங்கிலத் திருச்சபை வழிபாட்டில் சபையார் அனைவரும் முழந்தாளிட்டு ஒரே குரலில் பாவ அறிக்கை செய்வர். அதன்பின் குரு மன்னிப்பை அறிவிப்பார். அப்பொதுச் சொற்கள் எல்லோர்க்கும் உரியன. கிருஷ்ணபிள்ளை அவற்றின் பொருளை ஏற்று, ஆழ்வாரும் நாயன்மாரும் அழுத தமிழிலே தம் அறிக்கையைச் செய்தார். கடவுளை வேறு பெயரால் அழைத்தாலும் மனிதன் தன் குற்றத்தைத் தாய்மொழியிலேயே முழுமையாக ஒப்புக்கொள்ள முடியும் என்பதற்கு இக்காப்பியம் சான்று.

குறை சொல்வாரும் உண்டு. வடசொற் பெருக்கு இன்றைய வாசகரைத் தடுக்கிறது. கம்பனின் நிழல் சில இடங்களில் நூலின் சொந்த ஒளியை மறைக்கிறது. இவை மறுக்கத்தக்கன அல்ல. ஆயினும் கடன் பெற்ற நடையில் கடன் பெறாத உணர்வு ஓடுவதைக் கற்பார் உணர்வர்.

சுமைக்குப் பின்னும் வழி

கதையில் சுமை இறங்குவது பயணத்தின் முடிவில் அன்று, தொடக்கத்தை அடுத்தே. அதன் பின்னரே செங்குத்தான மலையும், பகைவனோடு போரும், மாயச் சந்தையும், ஐயத்தின் கோட்டையும், கடைசியில் ஆறும் வருகின்றன. பாவ விடுதலை ஓய்வு தருவதில்லை. நடக்க வலிமை தருகிறது. கிருஷ்ணபிள்ளையின் வாழ்வும் இதனையே காட்டிற்று. திருமுழுக்கிற்குப் பின் ஏறத்தாழ நாற்பத்திரண்டு ஆண்டுகள் ஆசிரியராகவும் கவிஞராகவும் உழைத்து, 1900 பிப்ரவரி 3 இல் அவர் மறைந்தார்.

குற்றத்தை மறைக்கும் மொழி அலங்காரம் மட்டுமே ஆகும். குற்றத்தை ஒப்புக்கொள்ளும் மொழி கவிதை ஆகும். கவிஞர்கள் எச்சமயத்தவர் ஆயினும், கரையிருப்புப் புலவரிடம் கற்றுக்கொள்ளத்தக்க பாடம் இதுவே.