குப்பை மேட்டைத் தோட்டமாக்கிய பேட்ரிக் கெடிஸ்

ஆய்க்குடியிலிருந்து தென்காசிக்கோ சுரண்டைக்கோ போகும்போது சாலையின் இரண்டு பக்கமும் பாருங்கள். கார், பிசானம் என்று நெல் நின்ற வயலில் கல் நட்டு மனை பிரித்திருப்பார்கள். விற்ற மனையில் வீடு வந்துவிடும். விற்காத மனையில் சீமைக்கருவேல் முளைக்கும், அதன் அடியில் ஊர்க்குப்பை சேரும். அதே வாரத்தில் நீங்கள் ஒரு டிராக்டர் தொழு உரத்துக்கு விலை பேசிக்கொண்டிருப்பீர்கள். ஊருக்குள் உரமாக வேண்டியது குப்பையாகக் கிடக்கிறது, வயலுக்கோ உரம் போதவில்லை. இந்த இரண்டையும் ஒரே கணக்காகப் பார்த்த ஒருவரின் வாழ்க்கையைத்தான் இன்று சொல்லப் போகிறோம்.

அவர் பெயர் பேட்ரிக் கெடிஸ். ஸ்காட்லாந்துக்காரர். நகரமைப்பு படித்தவர்கள் அனைவருக்கும் தெரிந்த பெயர், விவசாயிகளுக்கு அவ்வளவாகத் தெரியாது. ஆனால் அவர் தொழிலால் தாவரவியல் பேராசிரியர். தஞ்சாவூர், மதுரைத் தெருக்களில் 110 ஆண்டுகளுக்கு முன் நடந்து நடந்து பார்த்தவர். அதனால் நமக்கும் உறவுதான்.

1854 அக்டோபர் 2 அன்று பிறந்தார். அப்பா ராணுவத்தில் இருந்தவர். பெர்த் என்ற ஊரின் ஓரத்தில் வீடு, வீட்டைச் சுற்றித் தோட்டம். பையனுக்கு உருளைக்கிழங்கு நடவும் பாத்தி கட்டவும் அப்பாதான் சொல்லிக்கொடுத்தார். பின்னாளில் எத்தனையோ பட்டம் வந்தது, ஆனால் கற்றுக்கொண்டது எல்லாம் அந்தத் தோட்டத்தில் தொடங்கியதுதான்.

லண்டனுக்குப் போய் உயிரியல் படித்தார். 1879-ல் ஆராய்ச்சிக்காக மெக்சிகோ போன இடத்தில் கண் கெட்டது. வாரக்கணக்கில் கட்டுப் போட்டுக்கொண்டு இருட்டறையில் கிடந்தார். பார்வை திரும்பியது, ஆனால் நுண்ணோக்கியில் மணிக்கணக்காகக் கண் வைக்கிற வேலை இனி ஆகாது. செடியின் உள்ளே பார்க்க முடியாதவர் செடி நிற்கும் இடத்தைப் பார்க்கத் தொடங்கினார். மண், தண்ணீர், அங்கே வாழும் மக்கள், அவர்கள் செய்யும் தொழில் எல்லாம் சேர்ந்ததுதான் ஊர் என்ற எண்ணம் அப்போது பிடிபட்டது. டண்டீ கல்லூரியில் 1888 முதல் தாவரவியல் பேராசிரியர். வருடத்தில் கோடைக்கால மூன்று மாதம் மட்டும் பாடம் நடத்தினால் போதும் என்ற வேலை அது. மீதி ஒன்பது மாதம் ஊர் வேலை.

எடின்பரோ நகரத்தின் பழைய பகுதி அன்றைக்கு மோசமாக இருந்தது. அடுக்கடுக்காக உயர்ந்த கல் கட்டடங்கள், ஒரே படிக்கட்டில் பல குடும்பங்கள், நடுவே இடிந்த வீட்டு மனைகளில் குப்பை. வசதி உள்ளவர்கள் புது நகருக்குக் குடிபோய்விட்டார்கள். கெடிஸும் மனைவி அன்னாவும் கல்யாணமான புதிதில் வேண்டுமென்றே அந்தப் பழைய பகுதியில் போய்க் குடியேறினார்கள். பக்கத்து வீட்டாரோடு சேர்ந்து சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள், சன்னலில் பெட்டி வைத்துச் செடி வளர்த்தார்கள். வெளியூர்க்காரன் வந்து புத்தி சொன்னால் யாரும் கேட்பதில்லை. குடியிருப்பவன் கையில் வாளியோடு நின்றால் கேட்கிறார்கள். இது எந்த ஊருக்கும் பொது.

அடுத்து அவர் செய்ததுதான் நமக்கு முக்கியம். அவரது குழுவினர் பழைய நகரத்தைச் சுற்றி வந்து சும்மா கிடக்கும் இடங்களைக் கணக்கெடுத்தார்கள். 76 இடங்கள் இருந்தன. எல்லாம் சேர்த்துச் சுமார் 10 ஏக்கர். நம் கணக்கில் சொன்னால் ஓரிடம் சராசரி 13 சென்ட். நெரிசலில் மூச்சு முட்டுகிற ஊர் என்று எல்லோரும் சொன்ன இடத்தில் பத்து ஏக்கர் நிலம் குப்பைக்கடியில் கிடந்திருக்கிறது! அவற்றில் சில இடங்களை ஒவ்வொன்றாகச் சுத்தம் செய்து தோட்டமாக்கினார்கள். அவர் மகள் நோரா தோட்ட அமைப்பு தெரிந்தவர், பல தோட்டங்களை வடிவமைத்தது அவர்தான். அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் வந்து செடி நட்டார்கள். 1910-ல் திறந்த ஒரு தோட்டம் இன்றும் அதே இடத்தில் இருக்கிறது.

1914-ல் சென்னை மாகாண ஆளுநர் பென்ட்லாண்டு பிரபு அழைத்து, நகரமைப்புக் கண்காட்சி ஒன்றைக் கொண்டுவரக் கிளம்பினார். வரைபடம், படங்கள் எல்லாம் தனிக் கப்பலில் வந்தன. உலகப் போர் தொடங்கியிருந்த நேரம். செப்டம்பர் 22 அன்று சென்னை மீது குண்டு வீசிய ஜெர்மன் கப்பல் எம்டன் உங்களுக்குத் தெரியும். கில்லாடியான ஆளை எம்டன் என்று இன்னும் சொல்கிறோமே, அதே எம்டன்தான். அடுத்த மாதம் அது மூழ்கடித்த கப்பல்களில் ஒன்று கெடிஸின் கண்காட்சிப் பொருட்களை ஏற்றி வந்த கப்பல். பல வருட உழைப்பு கடலுக்குள் போனது. அவர் அசரவில்லை. நண்பர்கள் வேறு படங்களைச் சேர்த்து அனுப்ப, 1915 தொடக்கத்தில் சென்னையில் கண்காட்சி நடந்தேவிட்டது.

அதன்பின் மாகாணத்து ஊர்களைச் சுற்றிப் பார்த்து அறிக்கை எழுதினார். காஞ்சிபுரமும் மதுரையும் ஸ்ரீரங்கமும் அவரைக் கட்டிப்போட்டன. கோயில், தேரோடும் வீதி, தெப்பக்குளம், வீட்டுக்குப் பின்னால் மரம் என்று அமைந்த ஊரில் வெள்ளைக்காரன் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது என்பது அவர் கட்சி. தஞ்சாவூர்க் கோட்டைப் பகுதியில் நேர் சாலை போடுவதற்காக வீடுகளை வரிசையாக இடிக்கப் பொறியாளர்கள் திட்டம் வைத்திருந்தார்கள். கெடிஸ் மறுத்தார். பாழடைந்த சில வீடுகளை மட்டும் எடுத்துவிட்டு அந்த இடத்தைத் திறந்தவெளியாக விட்டு மரம் வைத்தால் போதும், காற்றும் வெளிச்சமும் தானே வரும் என்று காட்டினார். வாழைக்குப் பக்கக் கன்று கழிப்பது போன்ற வேலை. தோப்பையே வெட்டத் தேவையில்லை.

குளம் விஷயத்திலும் அவர் ஊர்க்காரர் பக்கம்தான் நின்றார். மலேரியா பரவுகிறது, கொசு பெருகுகிறது, அதனால் ஊர்க் குளங்களைத் தூர்த்துவிட வேண்டும் என்று அன்றைய சுகாதார அதிகாரிகள் சொன்னார்கள். குளத்தில் மீனும் வாத்தும் விடுங்கள், கொசுப்புழுவை அவை தின்னும் என்றார் கெடிஸ். மழை வெள்ளத்தைப் பிடித்து வைப்பதும் கோடையில் ஊரைக் குளிர்விப்பதும் அந்தக் குளங்கள்தான் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. குளத்துப் பாசனத்தில் பிழைக்கும் நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

பிறகு வந்தது 1917. அவர் வாழ்க்கையில் மோசமான ஆண்டு. ஏப்ரலில் மூத்த மகன் அலஸ்டேர் பிரான்ஸ் போர்க்களத்தில் இறந்துபோனார். அன்னா அப்போது இந்தியாவில் காய்ச்சலில் படுத்திருந்தார். மகன் இறந்த செய்தியை மனைவியிடம் சொல்ல கெடிஸுக்கு மனம் வரவில்லை. மகனின் பழைய கடிதங்களை வாசித்துக் காட்டிக்கொண்டிருந்தார். ஜூன் மாதம் கல்கத்தாவில் அன்னாவும் போய்விட்டார், மகன் இறந்தது தெரியாமலேயே.

இந்தத் துக்கத்தோடுதான் அவர் இந்தூரில் வேலை பார்த்தார். மத்திய இந்தியாவில் ஹோல்கர் அரசரின் ஊர். பிளேக்கும் மலேரியாவும் அடித்துக்கொண்டிருந்தன. கெடிஸ் ஒரு தீபாவளி ஊர்வலத்தைக் கையில் எடுத்தார். எந்தத் தெருவில் வீடுகள் சுத்தமாக இருக்கிறதோ அந்த வழியாகத்தான் ஊர்வலம் போகும் என்று அறிவித்தார். ஊரே விளக்குமாற்றைத் தூக்கியது! பிளேக் எலியைப் பெரிய உருவமாகச் செய்து ஊர்வலத்தில் இழுத்துப் போனார்கள். துப்புரவுத் தொழிலாளர்கள் சுத்தமான உடையும் புதுத் தலைப்பாகையுமாக மரியாதையோடு நடந்தார்கள், அவர்களது வண்டிகளும் அலங்காரத்தோடு போயின. அந்தக் காலத்தில் அது சின்ன விஷயமல்ல. கடைசியில் வீட்டுக்கு வீடு துளசி நாற்று கொடுத்தார்கள்.

1918-ல் வெளிவந்த இந்தூர் அறிக்கை இரண்டு பெரிய புத்தகம். அதன் மையத்தில் ஒரு விவசாயியின் கணக்கு இருக்கிறது. ஊர்க் கழிவைப் பெரும் செலவில் குழாய் பதித்துத் தூரமாகக் கொண்டுபோவது ஒரு வழி. ஊருக்குப் பக்கத்திலேயே தோட்டம் போட்டுக் கழிவை மண்ணுக்கே கொடுத்துக் காயும் பழமுமாகத் திரும்ப எடுப்பது இன்னொரு வழி. கெடிஸ் இரண்டாவதைச் சொன்னார். அவர் எழுதியது எல்லாம் நடந்துவிடவில்லை. நம் ஆறுகளின் நிலையைப் பார்த்தாலே எந்த வழி ஜெயித்தது என்பது தெரியும்.

ஆனால் அதே இந்தூரில் 1924-ல் ஆல்பர்ட் ஹோவர்டு என்ற விஞ்ஞானி ஆராய்ச்சி நிலையம் தொடங்கினார். வேளாண் அலுவலர்கள் சொல்லும் இந்தூர் முறை கம்போஸ்ட் அங்கே உருவானதுதான். காய்ந்த தட்டை, சருகு, களை, மாட்டுக் கொட்டகையில் மூத்திரம் ஊறிய மண், சாணிக் கரைசல், கொஞ்சம் சாம்பல் என்று அடுக்கி, 15, 30, 60-ஆம் நாட்களில் புரட்டிப்போட்டால் மூன்று மாதத்தில் உரம். குழி மூன்று அடிக்கு மேல் ஆழம் வேண்டாம், காற்றுப் போகாது. கையில் அள்ளிப் பிழிந்தால் ஈரம் தெரிய வேண்டும், தண்ணீர் சொட்டக் கூடாது. நம் பக்கத்தில் ஒன்றைக் கவனியுங்கள்: ஜூன் முதல் சாரல் பிடித்துக்கொண்டால் குழியில் நீர் தேங்கி உரம் அழுகி நாறும். அந்த மாதங்களில் மேட்டில் குவியலாகப் போட்டு மேலே தென்னை ஓலை மூடுவதே நல்லது.

சரி, ஊருக்குள் தோட்டம் வந்தால் பாவூர்சத்திரம் சந்தையில் நம் காய்க்கு விலை விழாதா என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. மூன்று சென்ட் இடத்தில் நாலு குடும்பம் சேர்ந்து போடும் தோட்டத்தில் கீரை, அவரை, புடலை, பத்து வாழை வரும். வெங்காயமும் தக்காளியும் அவர்கள் உங்களிடம்தான் வாங்க வேண்டும். லாபம் வேறு இடத்தில் இருக்கிறது. தோட்டம் வைத்தவர் வீட்டுக் குப்பையில் பிளாஸ்டிக்கைக் கலக்கமாட்டார், தன் பாத்தியில் அது வந்து நிற்கும் என்று தெரியும். குப்பை தரம் பிரிந்து வந்தால் பேரூராட்சி செய்யும் உரமும் சுத்தமாக வரும். பல பேரூராட்சிகளில் வளம் மீட்புப் பூங்கா என்ற பெயரில் மக்கும் குப்பையை உரமாக்குகிறார்கள். அந்த உரம் எங்கே போகிறது என்று நீங்கள் கேட்டுப் பார்த்திருக்கிறீர்களா?

வாங்கினால் சில விஷயங்களில் கறாராக இருங்கள். உரம் மண் வாசனை அடிக்க வேண்டும். சூடாகவோ நாற்றமாகவோ இருந்தால் இன்னும் மக்கவில்லை, வேரைச் சுட்டுவிடும். சலித்துப் பாருங்கள், கண்ணாடித் துண்டு, பேட்டரி, மருந்து அட்டை கிடந்தால் திருப்பி அனுப்புங்கள். முதல் முறை மண் பரிசோதனை நிலையத்தில் கொடுத்துச் சோதித்துவிட்டு நெல்லுக்கோ தென்னைக்கோ போடுங்கள், பச்சையாகத் தின்னும் கீரைக்கு வேண்டாம். சாக்கடை நீரும் அப்படித்தான். குளியலறை, பாத்திரம் கழுவும் நீர் வாழைக்கும் சேம்புக்கும் போகட்டும். கழிப்பறை நீர் எந்தக் காய்கறிக்கும் நேராகப் போகக் கூடாது.

காலி மனையில் தோட்டம் போட நினைப்பவர்களுக்கு உங்கள் கை அனுபவம் தேவைப்படும். கட்டட இடிபாடு கிடந்த மண்ணில் சிமெண்டும் சுண்ணாம்பும் கலந்திருக்கும். மேலே முக்கால் அடி நல்ல மண்ணும் தொழு உரமும் போட்டு மேட்டுப் பாத்தி எடுக்கச் சொல்லுங்கள். மனைக்காரரிடம் எத்தனை போகத்துக்கு என்று முதலிலேயே எழுதி வாங்கச் சொல்லுங்கள், காய்க்கிற நேரத்தில் வீடு கட்ட வந்து நிற்பார். ஓடை, வாய்க்கால் கரையை ஒட்டி எருக்குழி வெட்டவே கூடாது. அனுமன் நதியில் ஏற்கெனவே போதும் போதும் என்கிற அளவுக்குக் கலந்தாயிற்று.

கெடிஸ் 1919 முதல் பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் பேராசிரியராக இருந்தார். உடம்பு முடியாமல் 1924-ல் இந்தியாவை விட்டுக் கிளம்பியபோது வயது எழுபது. தெற்கு பிரான்சில் மோன்பெல்லியே என்ற ஊரின் ஓரத்தில் கல்லும் புதருமாகக் கிடந்த மேட்டை வாங்கினார். மாணவர்கள் தங்கிப் படிக்க ஒரு விடுதி கட்டினார், சுற்றிலும் தோட்டம் வைத்தார். 1932-ல் சர் பட்டம் கொடுத்தார்கள். அதே ஆண்டு ஏப்ரல் 17 அன்று அந்த மேட்டிலேயே காலமானார்.