எண்பத்தாறு பேரின் தலைவர்

335-லிருந்து 249-ஐக் கழித்தால் 86. பள்ளிப் பிள்ளை போடும் கணக்குத்தான். ஆனால், 1885-ஆம் ஆண்டின் இறுதியிலே, பேரரசை ஆண்டவர்களைத் தூங்கவிடாமல் செய்த கணக்கு அது! பொதுத் தேர்தலில் லிபரல் கட்சியார் 335 இடம் பெற்றனர்; கன்சர்வேடிவ் கட்சியார் 249. இரண்டுக்கும் இடையே இருந்த 86 இடங்களும் ஒரே மனிதரின் கைப்பிடியில்! அவர் லிபரல்கள் பக்கம் சாய்ந்தால் அவர்கள் ஆட்சி. மறுபக்கம் சாய்ந்தாலோ இரு தரப்பும் சமம். எவருக்கும் மெஜாரிட்டி இல்லை.

யார் அந்த மனிதர்? சார்லஸ் ஸ்டூவர்ட் பார்னெல். அயர்லாந்தின் விக்லோ மாவட்டத்திலே, அவண்டேல் மாளிகையில் 1846-இல் பிறந்தவர். நிலச்சுவான்தார், புராட்டஸ்டண்டு. அவர் பின்னே திரண்டவர்களோ குத்தகை உழவர்கள், கத்தோலிக்கர்கள்! கேம்பிரிட்ஜில் படித்தார், பட்டம் பெறாமலே திரும்பினார். 1875-இல் மீத் தொகுதி அவரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிற்று.

அந்நாளில் அயர்லாந்து அனுப்பிய அங்கத்தினர்கள் நெல்லிக்காய் மூட்டை. சுயாட்சி என்று பேசுவர். ஓட்டெடுப்பு வந்தால் ஆளுக்கொரு திசை. பார்னெல் அந்த மூட்டையைக் கட்டினார். 1879-இல் தோன்றிய நிலக் கழகத்துக்குத் தலைவரானார். கொடுமை செய்வோருடன் கொள்வினை கொடுப்பினை கூடாதென்று மக்களை இணங்கச் செய்தார். (இன்று உலகமெங்கும் வழங்கும் ‘பாய்காட்’ என்ற சொல், அப்படி விலக்கப்பட்ட ஒரு பண்ணை ஏஜெண்டின் பெயர்தான்!) 1881 அக்டோபரில் கில்மெய்னாம் சிறை, 1882 மே மாதத்தில் விடுதலை. செல்வாக்கு வளர்ந்ததே தவிரக் குறையவில்லை.

1884-இல் இரண்டு காரியங்கள் நடந்தன. கட்சியோடு சேர்ந்தே ஓட்டளிப்பேன், தவறினால் பதவி துறப்பேன் என்று வேட்பாளர் ஒவ்வொருவரும் உறுதிமொழி தரவேண்டுமென்ற முறை வந்தது. அதே ஆண்டில் வாக்குரிமைச் சட்டம் விரிந்து, குடிசைவாசிக்கும் ஓட்டு வந்தது. அயர்லாந்தின் வாக்காளர் தொகை மும்மடங்குக்கு மேலாயிற்று. விளைவு? முந்தைய தேர்தலில் அங்கே பத்துக்கு மேற்பட்ட இடங்களைப் பெற்றிருந்த லிபரல் கட்சிக்கு, 1885-இல் ஒன்றுகூட இல்லை! 103 இடங்களில் 85 பார்னெலுக்கு, 18 கன்சர்வேடிவ்களுக்கு. எண்பத்தாறாவது இடம் இங்கிலாந்தில், லிவர்ப்பூலிலே கிடைத்தது.

பார்னெலின் பலம் 86 என்ற எண்ணில் மட்டும் இல்லை. இரு கட்சிகளும் அவர் முகம் பார்த்து நின்றன, அதுவே பலம். அத்தேர்தலில், பிரிட்டனில் வாழ்ந்த ஐரிஷ்காரர்களை லிபரல்களுக்கு எதிராக ஓட்டளிக்கச் சொன்னவர் அவரே. 1886 ஜனவரியில் சாலிஸ்பரியின் கன்சர்வேடிவ் மந்திரிசபை கவிழ, லிபரல்களோடு சேர்ந்து ஓட்டளித்தவரும் அவரே!

கிளாட்ஸ்டன் பிரதமரானார், சுயாட்சி மசோதாவைக் கொணர்ந்தார். ஒரு வட்டாரம் திரண்டால் இன்னொரு வட்டாரம் சும்மா இருக்குமா? அல்ஸ்டரின் புராட்டஸ்டண்டுகள் கொதித்தனர். லிபரல் கட்சியின் கோட்டையான பர்மிங்காமில் ஜோசப் சேம்பர்லின் போர்க்கொடி தூக்கினார். ஜூன் மாதத்தில் 93 லிபரல்கள் எதிர்த்து ஓட்டளிக்க, 313-க்கு 343 என்ற கணக்கில் மசோதா வீழ்ந்தது. அடுத்த மாதமே தேர்தல். ஓராண்டுக்கு முன் லிபரல் வசமிருந்த பர்மிங்காமின் ஏழு இடங்களும் சுயாட்சிக்கு எதிரானவர் கைக்குப் போயின! பிரிந்து சென்ற லிபரல்களின் துணையோடு சாலிஸ்பரி ஆட்சியில் அமர்ந்தார்.

பார்னெலிடம் அப்போதும் 85 பேர் இருந்தனர். ஆனால் ஆட்சியாளருக்கு அவர்கள் தேவையில்லை. இருந்த இரண்டு கதவுகளில் ஒன்று அடைபட்டது. கிளாட்ஸ்டனின் கதவு ஒன்றே மிச்சம். அவர் வீழ்ச்சிக்கு ஒரு பெண்ணின் காதலே காரணம் என்று எழுதுவோர் இந்த இடத்தைக் கவனிப்பதில்லை.

1890 நவம்பரில், காப்டன் ஓஷே தொடுத்த விவாகரத்து வழக்கில் பார்னெலின் பெயர் நாறியது. லிபரல் கட்சியின் சமயப்பற்றுள்ள வாக்காளர்கள் முகம் சுளித்தனர்; அவர் தலைவராக நீடித்தால் தம்மால் ஆவதில்லை எனக் கிளாட்ஸ்டன் தெரிவித்தார். 1885-இல் இத்தகைய மிரட்டல் பலித்திருக்குமா? மறுபக்கம் திரும்பியிருப்பார் பார்னெல்! 1890-இல் திரும்பப் பக்கமில்லை. டிசம்பரில், பாராளுமன்றத்தின் பதினைந்தாம் எண் அறையிலே நாள்கணக்கில் வாதாடினர். முடிவில் பெரும்பாலோர் ஜஸ்டின் மக்கார்த்தியின் பின்னே வெளியேறினர். முப்பதுக்கும் குறைவானோரே எஞ்சினர்.

பார்னெல் பணியவில்லை. கில்கென்னி, ஸ்லைகோ, கார்லோ என மூன்று இடைத்தேர்தல்களில் தம் ஆட்களை நிறுத்தினார், மூன்றிலும் தோல்வி. 1891 அக்டோபர் 6-ஆம் நாள், 45-ஆம் வயதில் மறைந்தார். 1892 தேர்தலில் அவர் அணிக்கு 9 இடங்களே கிடைத்தன. எதிரணியின் தயவில் கிளாட்ஸ்டன் மீண்டும் பிரதமராகி, 1893-இல் காமன்ஸ் சபையில் சுயாட்சி மசோதாவை நிறைவேற்றினார். பிரபுக்கள் சபை அதை 41-க்கு 419 ஓட்டுகளில் தள்ளிற்று.