பாணரைத் தேடிய பாரி

மில்மன் பாரி என்னும் பெயரைக் கேட்டதும் நமக்குப் பறம்புமலைத் தலைவன் நினைவுக்கு வருதல் இயல்பு. பெயரொற்றுமை தற்செயலானது. ஆயினும், பாணரோடு கொண்ட உறவால் இவ்வமெரிக்க அறிஞருக்கும் அப்பெயர் பொருந்திவிடுகிறது.

1902இல் கலிபோர்னியாவின் ஓக்லந்தில் பிறந்து, பெர்க்லியில் கிரேக்கம் பயின்ற பாரி, பிரான்சு சென்று 1928இல் முனைவர் பட்டம் பெற்றார். ஆய்வுப்பொருள் ஹோமரின் அடைமொழிகள். அசையாது அமர்ந்திருக்கும்போதும் அக்கிலீஸ் விரைந்த காலினன் எனப்படுவது ஏன்? இதனைப் புலமைக் குறை என்று கொண்டாரும் உண்டு. ஆழ்ந்த உட்பொருள் கண்டாரும் உண்டு. பாரியோ யாப்பை அளந்து பார்த்தார். அடியில் எஞ்சும் இடத்தின் அளவுக்கேற்ப அடைமொழி மாறுகிறது. ஒரே அளவான இடத்திற்குப் பெரும்பாலும் ஒன்றே வருகிறது. இத்துணைச் சிக்கனமான ஒழுங்கு தனியொருவர் படைப்பாதல் அரிது. தலைமுறை தலைமுறையாகப் பாடியோர் ஈட்டிவைத்த சொற்செல்வம் அது என்று நிறுவினார்.

ஏட்டில் கண்டதை வாழும் மரபிற் காணும் வேட்கை, ஹார்வர்டில் ஆசிரியராயிருந்த அவரை 1933இலும், மீண்டும் 1934-35இலும் யூகோஸ்லாவியாவுக்கு ஈர்த்தது. குஸ்லே என்னும் ஒற்றை நரம்புக் கருவியை மீட்டிப் பாடுவோரை ஊரூராகத் தேடினார். அவரது பதிவுக் கருவியில் இரண்டு சுழல்தட்டுகள். ஓர் அலுமினியத் தட்டு நிறையும்போது மற்றது பதியத் தொடங்கும். பாடகர் இடையில் நிறுத்த வேண்டுவதில்லை.

பியேலோ போல்யேயில் அவர் கண்டவர் அவ்தோ மெஜெதோவிச், எழுத்தறியாதவர். அவர் சொல்லச் சொல்ல எழுதப்பட்ட கதைப்பாடல் ஒன்று 12,000 அடிகளைக் கடந்தது; ஏறத்தாழ ஒடிசியின் நீளம். பாரி ஒரு சோதனையும் செய்தார். அவ்தோ அதுவரை கேட்டிராத பாடலொன்றை வேறொரு பாடகரைக் கொண்டு அவர் முன்னிலையில் பாடுவித்தார். அப்பாடல் 2,300 அடி அளவினது. கேட்டு முடித்த அவ்தோ அதே கதையை 6,300 அடிக்கு மேல் விரித்துப் பாடினார். மனப்பாடம் என்ற சொல்லால் இதனை விளக்கிவிட முடியாது.

1935 டிசம்பர் 3ஆம் நாள் லாஸ் ஏஞ்சலிஸ் விடுதியொன்றில், பெட்டியிலிருந்த கைத்துப்பாக்கி வெடித்துப் பாரி மாண்டார். விபத்தென்றே முடிவாயிற்று. அப்போது அகவை 33. பாடகர்களைப் பற்றி அவர் எழுதத் தொடங்கிய நூல் சில பக்கங்களோடு நின்றது. அதன் பெயரையே தம் நூலுக்கு இட்டு, உதவியாளர் ஆல்பர்ட் லார்ட் 1960இல் அப்பணியை நிறைவேற்றினார்.

அவ்வழியில் சங்கப்பாடல்களை ஆராய்ந்து ஈழத்தறிஞர் க. கைலாசபதி எழுதிய நூல் 1968இல் வெளிவந்தது. புறப்பாடல்களில் தொடர்கள் மீளமீள வருவதை அவர் காட்டியது மறுத்தற்கரியது. ஆனால், நான்கடி முதல் எட்டடிக்குள் ஒரு சொல்லும் மிகையாகாது நிற்கும் குறுந்தொகைப் பாடல்களைப் பாடும்போதே பிறந்தவையாகக் கொள்ள என் மனம் இசையவில்லை. பாரி செவிமடுத்தவை விடிய விடிய நீண்ட கதைப்பாடல்கள்.