ஆவிகளைச் சோதித்த ஹூடினி

மரணம் நேர்ந்த வீட்டிற்கு, துக்கம் ஆறுவதற்கு முன்னரே வந்து சேர்கிறவர்கள் இரு வகையினர். ஆறுதல் கூற வருகிறவர்கள் ஒரு வகையினர். இறந்தவர் பேச விரும்புகிறார், கேட்டுச் சொல்கிறோம் என்று காணிக்கை பெற வருகிறவர்கள் மற்றொரு வகையினர். இந்த இரண்டாம் வகையினர் நம் நாட்டிற்கு மட்டும் உரியவரல்லர். கல்வியிலும் விஞ்ஞானத்திலும் முன்னேறிய அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் அவர்கள் பெருங்கூட்டமாகப் பெருகி, பேராசிரியர்களையும் பிரபுக்களையும் தம் வசப்படுத்திய காலம் ஒன்று இருந்தது. அக்காலத்தில் அவர்களை எதிர்த்து நின்று, அவர்தம் செய்கைகளை ஒன்றன்பின் ஒன்றாகச் சோதனைக்கு உட்படுத்தியவர் ஹாரி ஹூடினி என்னும் ஜாலவித்தைக்காரர். அவரும் தம் தாயை இழந்து, அத்தாயின் சொல்லை மீண்டும் ஒரு முறை கேட்க ஏங்கியவரே. ஆதலின் அவர் வரலாறு நாம் அறியத் தக்கதாகிறது.

முதலில் ஆவியுலகக் கொள்கையின் தோற்றத்தை அறிதல் நலம். 1848ஆம் ஆண்டில் நியூயார்க் மாநிலத்து ஹைட்ஸ்வில் என்னும் சிற்றூரில், பாக்ஸ் குடும்பத்துச் சிறுமியர் இருவர், தம் வீட்டில் இரவில் கேட்கும் தட்டொலிகள் இறந்தவர் ஒருவரின் ஆவி எழுப்புவன என்றனர். வினாக்களுக்கு அவ்வொலிகள் விடை தருவதாகப் பேச்சுப் பரவியது. சில ஆண்டுகளுக்குள் ஆவிகளோடு பேசுவோர் எனப்படும் மீடியங்கள் ஊர்தோறும் தோன்றினர். நாற்பது ஆண்டுகள் கழித்து, 1888ஆம் ஆண்டில், அச்சகோதரியருள் ஒருவரான மார்கரெட் நியூயார்க் நகர அரங்கொன்றில் பலர் முன்னிலையில் தோன்றி, கால்விரல் மூட்டுகளைச் சொடுக்கியே அவ்வொலிகளை உண்டாக்கியதாக ஒப்புக்கொண்டு, செய்தும் காட்டினார். மறு ஆண்டு அவரே அவ்வாக்குமூலத்தை மறுத்தார் எனினும், செய்து காட்டியது காட்டியதே. ஆயினும் இயக்கம் ஒழியவில்லை. 1914 முதல் 1918 வரை நடந்த உலகப் போரும், அதனோடு வந்த இன்புளூயன்சா விஷக்காய்ச்சலும் எண்ணற்ற இல்லங்களில் மக்களைப் பறித்தன. பிள்ளைகளை இழந்த பெற்றோர் மீடியங்களின் வாயில்களில் வந்து கூடினர்.

ஹூடினி 1874ஆம் ஆண்டு மார்ச் 24ஆம் நாள் ஹங்கேரி நாட்டுப் புடாபெஸ்ட் நகரில் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் எரிக் வைஸ். தந்தை யூத மதகுரு, தாய் செசிலியா. 1878ஆம் ஆண்டில் குடும்பம் அமெரிக்காவிற்குக் குடியேறி, விஸ்கான்சின் மாநிலத்து ஆப்பிள்டன் நகரில் தங்கியது. தந்தை அப்பதவியை இழந்தபின் வறுமை சூழ்ந்தது. பின்னர் நியூயார்க் நகரை அடைந்த சிறுவன் எரிக், கழுத்துப் பட்டைகள் செய்யும் தொழிற்சாலையில் கூலி வேலை செய்தான். ராபர்ட் ஊடின் என்னும் பிரெஞ்சு வித்தைக்காரரின் வரலாற்றைப் படித்து, அவர்மீது கொண்ட மதிப்பினால் தனக்கு ஹூடினி என்னும் பெயரைச் சூட்டிக்கொண்டான். கைவிலங்குகளினின்றும், பூட்டிய பெட்டிகளினின்றும், சிறைக்கூடங்களினின்றும் விடுபட்டு வெளிவரும் வித்தையே அவருக்குப் புகழ் தேடித் தந்தது. 1900ஆம் ஆண்டில் ஐரோப்பா சென்று திரும்புவதற்குள் அவர் பெயர் இரு கண்டங்களிலும் பரவிற்று. தம் வித்தைகள் யாவும் உடற்பயிற்சியாலும் உபாயத்தாலும் ஆவனவேயன்றி, தெய்வ சக்தியால் ஆவன அல்ல என்று அவர் எப்பொழுதும் கூறி வந்தார்.

புகழ் பெறுவதற்கு முன் அவர் வாழ்வில் ஓர் இருண்ட பகுதி உண்டு. 1898ஆம் ஆண்டளவில், வயிற்றுப் பிழைப்பிற்காக மருந்து விற்கும் நாடகக் குழு ஒன்றில் சேர்ந்து, கான்சாஸ் மாநிலத்து ஊர்களில் அவரும் அவர் மனைவி பெஸ்ஸும் மீடியங்களாக நடித்தனர். பகலில் ஊர்க் கல்லறைத் தோட்டத்திற்குச் சென்று கற்களில் உள்ள பெயர்களையும் நாட்களையும் குறித்துக்கொள்வார். ஊர்ப் பெரியவர்களிடம் பேச்சுக் கொடுத்து, குடும்பக் கதைகளைத் தெரிந்துகொள்வார். இரவில் மேடையேறி, அச்செய்திகளையே ஆவிகளின் வாக்காகக் கூறுவார். கேட்டவர்கள் கண்ணீர் விட்டனர். பிற்காலத்தில் இதனை அவர் மறைக்கவில்லை. துக்கத்தோடு விளையாடுவது எத்துணைக் கொடுமை என்பதை அப்பொழுது உணர்ந்திலேன் என்று தம் நூலில் ஒப்புக்கொண்டார்.

அவ்வுணர்வு அவருக்கு வந்தது தம் சொந்தத் துக்கத்தினால். 1913ஆம் ஆண்டு ஜூலை மாதம் அவர் டென்மார்க்கின் தலைநகரான கோபன்ஹேகனில் இருந்தபோது, தாய் மறைந்தார் என்னும் தந்தி வந்தது. படித்தவுடன் மயங்கி வீழ்ந்தார். தாயிடம் அவர் வைத்திருந்த பற்று அளவிறந்தது. இறுதி வேளையில் அருகில் இல்லாமற் போயினோமே என்னும் ஏக்கம் அவரை விட்டு நீங்கவில்லை. மெய்யான மீடியம் ஒருவரேனும் இருப்பாராயின் அவர் மூலம் தாயின் ஒரு சொல்லையேனும் கேட்கலாகுமே என்று பல மீடியங்களை நாடினார். சென்ற இடமெல்லாம் அவர் கண்டது, தாம் கான்சாஸில் செய்த அதே வித்தைகளையே.

இந்நிலையில், ஷெர்லாக் ஹோம்ஸ் கதைகளை எழுதிய ஸர் ஆர்தர் கானன் டாயில் 1920ஆம் ஆண்டில் அவருக்கு நண்பரானார். டாயில் தம் மகனைப் போர்க்காலத்தில் இழந்தவர். ஆவியுலகக் கொள்கையில் அசையாத நம்பிக்கை கொண்டவர். 1922ஆம் ஆண்டு ஜூன் மாதம் அமெரிக்காவின் அட்லாண்டிக் நகரில், டாயிலின் மனைவியார் ஹூடினியை எதிரில் இருத்தி, அவர் தாயின் ஆவி தம்மீது இறங்கியதாகக் கூறி, பக்கம் பக்கமாகக் கடிதம் எழுதித் தந்தார். ஹூடினி நம்பிக்கையோடுதான் அமர்ந்தார். ஆனால் கடிதத்தின் தலைப்பில் சிலுவைக் குறி இருந்தது. அவர் தாயோ யூத மதகுருவின் மனைவி. கடிதம் நல்ல ஆங்கிலத்தில் இருந்தது. தாயோ அம்மொழியில் அவ்வாறு எழுத அறியாதவர். சிலுவை தம் மனைவி வழக்கமாக இடும் காப்பு என்றும், ஆவிகளுக்கு மொழி தடையன்று என்றும் டாயில் விளக்கினார். ஹூடினி அதனை ஏற்கவில்லை. அந்த அம்மையாரை மோசக்காரர் என அவர் கருதவுமில்லை. தம்மையறியாமலே தம் எண்ணத்தைத் தாமே எழுதினார் என்றே எண்ணினார். நண்பர் இருவரும் பிரிந்தனர். ஹூடினியே ஆவிசக்தி படைத்தவர், அதனை மறைக்கிறார் என்று டாயில் கடைசி வரை நம்பியது ஒரு விந்தை.

1922ஆம் ஆண்டின் இறுதியில் சயின்டிபிக் அமெரிக்கன் என்னும் விஞ்ஞானப் பத்திரிகை, சோதனைக்கு நின்று மெய்யான ஆவிச் செயலைக் காட்டுவோர்க்கு 2,500 டாலரும், மெய்யான ஆவிப் புகைப்படம் எடுத்துக் காட்டுவோர்க்கு 2,500 டாலரும் பரிசளிப்பதாக அறிவித்தது. ஐவர் கொண்ட நடுவர் குழுவில் ஹூடினியும் ஒருவர். ஜாலவித்தைக்காரருக்கு அக்குழுவில் என்ன வேலை என்று சிலர் கேட்டனர். இயற்கையை ஆராயும் விஞ்ஞானி, தன்னை ஏமாற்ற முயலாத பொருள்களையே ஆராய்ந்து பழகியவன். கண்ணை ஒருபுறம் திருப்பிவிட்டுக் கையை மறுபுறம் ஓட்டும் மனிதனை அறிவதற்கு, அத்தொழிலைக் கற்றவனே வேண்டும்.

பரிசை நாடியவர்களுள் பெயர் பெற்றவர் பாஸ்டன் நகரத்து மார்ஜரி என்னும் அம்மையார். இயற்பெயர் மினா கிராண்டன். கணவர் பெரிய சத்திர வைத்தியர். செல்வக் குடும்பம், கட்டணம் வாங்காதவர் என்பதால் அவர்மீது ஐயம் எழவில்லை. விபத்தில் இறந்த அவர் தமையன் வால்டர் இருட்டறையில் வந்து பேசுவதாகவும், பொருள்களை அசைப்பதாகவும் கூறப்பட்டது. நடுவருள் சிலர் பரிசளிக்கலாம் என எண்ணத் தொடங்கியிருந்தனர்.

1924ஆம் ஆண்டு ஜூலை 23ஆம் நாள் ஹூடினி அவருக்கு இடப்புறம் அமர்ந்தார். கையைப் பிடித்துக்கொண்டு, காலோடு கால் ஒட்டியிருக்க வேண்டும் என்பது விதி. அழுத்தினால் ஒலிக்கும் மின்சார மணிப்பெட்டி ஒன்று ஹூடினியின் பாதங்களுக்கு இடையே வைக்கப்பட்டது. அன்று பகல் முழுவதும் அவர் தம் வலது முழங்காலுக்குக் கீழே இறுக்கமான ரப்பர்ப் பட்டையைக் கட்டியிருந்தார். அதனால் அவ்விடம் வீங்கி, இலேசான தீண்டலும் தெரியும்படி நொந்திருந்தது. இருளில் பட்டையை நீக்கிவிட்டு, கால்சட்டையை மேலேற்றிக்கொண்டு அமர்ந்தார். சிறிது சிறிதாக மார்ஜரியின் கால் நகர்ந்து பெட்டியை நோக்கிச் செல்வதை அவர் தோல் உணர்ந்தது. அதன் பின்னரே மணி ஒலித்தது. பின்னர் ஒலிபெருக்குக் குழல் ஒன்று ஆகாயத்தில் மிதப்பதாக வால்டரின் குரல் அறிவித்து, எப்பக்கம் எறியலாம் என வினவியது. ஹூடினி தம் பக்கம் எறியச் சொன்னார். குழல் அவர் காலடியில் விழுந்தது. கை ஓய்வாயிருந்த சிறு பொழுதில் குழலைக் குல்லாய் போல் தலைமேல் கவிழ்த்துக்கொண்டு, தலையை அசைத்தே எறிந்திருக்கிறார் என்று அவர் கண்டுகொண்டார்.

ஆகஸ்டு மாதச் சோதனையில், தலையும் கைகளும் மட்டும் வெளியே தெரியும் மரப்பெட்டி ஒன்றில் மார்ஜரி அமர்த்தப்பட்டார். முடிவில் பெட்டிக்குள் மடக்கு அளவுகோல் ஒன்று கிடைத்தது. மணியை அழுத்துவதற்கு மார்ஜரி கொண்டுவந்தது என்றார் ஹூடினி. அவரே பழி சுமத்துவதற்கு வைத்தது என்றனர் எதிர்த்தரப்பினர். இவ்வழக்கு இன்றளவும் தீரவில்லை. சோதிக்கிறவனும் சோதனைக்கு அப்பாற்பட்டவன் அல்லன் என்பதை நாம் இதனால் மனத்திற்கொள்ள வேண்டும். ஆனால் தீர்ப்பு அவ்வளவுகோலைப் பற்றி நிற்கவில்லை. 1925ஆம் ஆண்டு பிப்ரவரியில் ஐவருள் நால்வர் பரிசை மறுத்தனர். 1932ஆம் ஆண்டில், வால்டரின் ஆவி மெழுகில் பதித்ததாகச் சொல்லப்பட்ட கட்டைவிரல் ரேகை, உயிரோடிருந்த பல் வைத்தியர் ஒருவரின் ரேகை என்று வெளிப்பட்டது.

ஹூடினி ஊர் ஊராகச் சென்று, மேடையில் மீடியங்களின் தந்திரங்களைச் செய்து காட்டினார். அவருடைய உதவியாளர் ரோஸ் மக்கன்பர்க் என்னும் பெண்மணி, வேற்றுருவில் முன்கூட்டியே சென்று, விதவையாகவும் தாயாகவும் நடித்து, எந்நாளும் இல்லாத கணவனிடமிருந்தும் பிள்ளையிடமிருந்தும் செய்திகள் பெற்று வந்தார். 1926ஆம் ஆண்டில், கூலிக்குக் குறி சொல்வதைத் தலைநகரான வாஷிங்டனில் தடை செய்யும் மசோதாவை ஆதரித்து ஹூடினி சட்டசபைக் குழுவின் முன் சாட்சியளித்தார். எவருடைய சமயத்தையும் தாம் தாக்கவில்லை, மோசடியையே எதிர்க்கிறேன் என்று விளக்கினார். மசோதா நிறைவேறவில்லை.

அதே ஆண்டு எகிப்தியர் ரஹ்மான் பே என்பவர், யோக நிலையில் மூச்சை அடக்கி, மூடிய பெட்டியில் நீருக்கடியில் ஒரு மணி நேரம் இருந்து காட்டினார். ஐம்பத்திரண்டு வயதினரான ஹூடினி ஆகஸ்டு 5ஆம் நாள் நியூயார்க்கில் அத்தகைய பெட்டியில் 91 நிமிடம் நீருக்கடியில் இருந்தார். அசையாமல், அஞ்சாமல், மெல்ல மூச்சுவிட்டால் பெட்டிக்குள் உள்ள காற்றே போதும் என்று காட்டினார்.

அவ்வாண்டே அக்டோபர் 31ஆம் நாள், குடல்வால் வெடித்து உள்ளே சீழ் பரவியதால், டெட்ராய்ட் நகர மருத்துவமனையில் உயிர் நீத்தார். மரணத்திற்குப் பின் பேச இயலுமாயின் தாமே வந்து சொல்வதாக மனைவியோடு ஓர் இரகசியக் குறிமொழி ஏற்படுத்தியிருந்தார். ஆவியுலகத்தை அவர் கண்மூடி மறுத்தவர் அல்லர் என்பதற்கு இதுவே சான்று. 1929ஆம் ஆண்டு ஆர்தர் போர்டு என்னும் மீடியம் அக்குறிமொழியைக் கூறியபோது பெஸ் முதலில் இசைந்து, பின்னர் மறுத்தார். அதற்கு முன்பே அக்குறிமொழி ஒரு நூலில் அச்சேறியிருந்தது. 1936ஆம் ஆண்டு, பத்தாம் நினைவு நாளன்று, ஹாலிவுட்டில் கடைசிக் கூட்டம் கூடிற்று. எவரும் வரவில்லை. கணவர் படத்தருகே பத்தாண்டுகள் எரிந்த விளக்கை அந்த அம்மையார் அணைத்துவிட்டார்.

அன்பர்களே, இராசக்கிருகத்தில் மூங்கில் உச்சியில் கட்டிய சந்தனப் பாத்திரத்தைப் பிண்டோல பாரத்துவாசர் இருத்தியால் பறந்து எடுத்து வந்தபோது, பகவான் மகிழவில்லை என்பதை நாம் அறிவோம். அவரைக் கண்டித்து, பாத்திரத்தை உடைத்து அஞ்சனத்திற்கு அரைக்கச் செய்து, இல்லறத்தார் முன் அற்புதம் காட்டுதல் ஆகாது என விதித்தார். இருத்தி உண்டென்று கூறும் நூல்களே, அதனைக் காட்டி மக்களை ஈர்த்தல் இழிவு என்றும் கூறுகின்றன. இறந்த மகவைச் சுமந்து வந்த கிசா கோதமியிடம், குழந்தையின் ஆவி பேசுகிறது என்று பகவான் சொல்லியிருந்தால் அவள் நம்பியிருப்பாள். மரணம் நேராத வீட்டில் கடுகு வாங்கி வரச் சொல்லி, உண்மையை அவளே அறியச் செய்தார். அதுவே கருணை.

1956ஆம் ஆண்டு அக்டோபர் 14ஆம் நாள் நாகபுரியில் பாபாசாகேப் அம்பேத்கர் அளித்த உறுதிமொழிகளுள், சிராத்தம் செய்யோம், பிண்டம் இடோம் என்பதும் ஒன்று. கூட்டத்தில் நின்று அதனைச் சொல்லுதல் எளிது. பெற்ற தாய் மறைந்த பதினாறாம் நாள், அவள் ஆவி பசித்திருக்கிறது என்று ஒருவர் வந்து சொல்லும்போது அதனைக் காத்தல் அரிது. நம் தம்மம் மெய்யாகச் சோதிக்கப்படுவது அந்நாளில்தான். தாயின் ஒரு சொல்லுக்காக ஏங்கியும், தாயின் சொல் அல்லாததைத் தாயின் சொல்லென ஏற்க மறுத்த ஹூடினியை அன்று நாம் நினைவுகூர்வோமாக. துயருற்ற அயலாரிடம் நாமும் அவ்வாறே, பொய்யின்றியும் இரக்கத்தோடும் சென்று அமர்வோமாக. எல்லா உயிர்களும் துன்பம் நீங்கி இன்புறுக.