பூதக்கண்ணாடியோடு வாதாடிய வழக்கறிஞர்

சாமுவேல் லெய்போவிட்ஸ் 1893-இல் ருமேனியாவில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தவர். சிறுவயதிலேயே பெற்றோருடன் அமெரிக்காவில் குடியேறி, கார்னெல் பல்கலைக்கழகத்தில் சட்டம் பயின்று, நியூயார்க்கில் பெயர்பெற்ற குற்றவியல் வழக்கறிஞர் ஆனார். அல் கபோன் போன்ற குண்டர் கும்பல் தலைவர்களுக்காகவும் வாதாடியவர் என்பதால் அவரை ஒரு புனிதராக நினைத்துவிட வேண்டாம்.

1933-இல் ஸ்காட்ஸ்போரோ வழக்கு அவரைத் தேடி வந்தது. அலபாமா மாநிலத்தில் சரக்கு ரயிலில் பயணம் செய்த ஒன்பது கறுப்பின இளைஞர்கள், இரண்டு வெள்ளைக்காரப் பெண்களைப் பாலியல் வன்கொடுமை செய்ததாக 1931-இல் கைதாகியிருந்தனர். அவசர அவசரமாக நடந்த விசாரணையில் எட்டுப் பேருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்ததால் மறுவிசாரணை தொடங்கியது. லெய்போவிட்ஸ் கட்டணம் வாங்காமல் வழக்கை ஏற்றார். அந்தப் பெண்களில் ஒருவரே குற்றச்சாட்டு பொய் என்று சாட்சியம் அளித்தார். ஆனாலும் வெள்ளையர் மட்டுமே கொண்ட ஜூரி மீண்டும் குற்றவாளி என்றே முடிவு செய்தது.

மலேசியாவில் 1995-இல் ஜூரி முறை ஒழிக்கப்பட்டுவிட்டதால் இன்றைய மாணவர்களுக்கு இது புதிதாக இருக்கலாம். குற்றவாளியா, இல்லையா என்பதை அங்கே நீதிபதி அல்ல, பொதுமக்களிலிருந்து தேர்ந்தெடுக்கப்படும் ஜூரிகளே தீர்மானிப்பார்கள். அவர்களின் பெயர்கள் ஒரு பதிவேட்டிலிருந்து எடுக்கப்படும். குற்றப்பத்திரிகை பதிவான ஜாக்சன் மாவட்டத்தில் 21 வயதைத் தாண்டிய கறுப்பின ஆண்கள் 666 பேர் இருந்தனர். அவர்களில் ஒருவர் ஜூரியாக அமர்ந்ததை யாரும் கண்டதில்லை.

லெய்போவிட்ஸ் இதைக் கேள்வி கேட்டதும், பதிவேட்டில் சில கறுப்பினத்தவரின் பெயர்கள் இருப்பதாக அதிகாரிகள் காட்டினர். அகரவரிசைப் பட்டியல்களின் கடைசியில் அவை இருந்தன. பட்டியலை முடித்து எழுத்தர் சிவப்பு மையால் கோடு போட்டிருந்தார். இந்தப் பெயர்களோ அந்தக் கோட்டின் மேல் எழுதப்பட்டிருந்தன. அதாவது, பின்னால் நுழைக்கப்பட்டவை. கையெழுத்து நிபுணரும் அதையே உறுதிப்படுத்தினார். 1935-இல் லெய்போவிட்ஸ் பதிவேட்டையே உச்ச நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனார். நீதிபதிகள் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார்கள். நிறத்தைக் காட்டி ஜூரியிலிருந்து ஒதுக்கியது அரசியலமைப்புக்கு முரண் என்று தீர்ப்பு வந்தது.

வெற்றிதான், ஆனால் பாதி வெற்றி. 1936 மறுவிசாரணையில் அழைக்கப்பட்ட 100 பேரில் 12 கறுப்பினத்தவர் இருந்தனர். சிலர் தாங்களே விலக்குக் கேட்டனர். எஞ்சியவர்களை அரசுத் தரப்பு காரணம் கூறாமலே நீக்கியது. மறுபடியும் வெள்ளையர் மட்டுமே அமர்ந்தனர். 1937-இல் நால்வர் விடுதலையானார்கள். மற்றவர்கள் பல ஆண்டுகள் சிறையில் கிடந்தனர்.

லெய்போவிட்ஸ் 1941-இல் புரூக்ளினில் நீதிபதியானார். கண்டிப்பானவர், மரண தண்டனையை ஆதரித்தவர் என்று பெயர் எடுத்ததுதான் வேடிக்கை. 1978-இல் காலமானார். அரசு வழக்கறிஞர் இனத்தைக் காரணமாக வைத்து ஜூரிகளை நீக்கக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் கென்டக்கி மாநில வழக்கொன்றில் தீர்ப்பளித்தது அதற்கும் எட்டு ஆண்டுகள் கழித்துத்தான்.